ரப்பருக்குப் போட்ட நல்லெண்ணெய்

எங்கள் வீட்டில் நான் ஒரு தப்பும் செய்ததில்லை. இது என் மனைவி என்னைக் கிண்டல் செய்யும்போது சொல்வது. பால் பொங்கி வழிந்தால் அடுப்புதான் வேகமாக எரிந்திருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர்தான் சீக்கிரம் எடுத்திருப்பார். மருந்து அட்டைகள் அச்சடிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கப் பிறர் விட்ட பிழையைத் தேடித் தேடி, சொந்தப் பிழை கண்ணில் படாமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போன ஆயுத பூஜையன்று பெங்களூரின் அடுகோடியில், ஒரு ஒர்க்‌ஷாப்பின் குழிக்குள் நின்றபடி, அந்தப் பெருமையை நான் கைவிட்டேன்.

கார் என் மனைவியுடையது. ஜப்பானில் செய்தது, பழையது, கூரையை மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். இரண்டே சீட். பிரேசர் டவுனில் ஒருவர் மகளோடு வெளிநாடு போகும்போது அதை விற்றார். சாஃப்ட்வேர் கம்பெனியில் பதினைந்து வருஷம் தலையைக் குனிந்து வேலை பார்த்த இவள், யாரையும் கேட்காமல் போய் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில், ஒரே அறையில் எட்டுப் பேரோடு வளர்ந்தவள் அவள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி மேல் அவளுக்கு ஏன் அத்தனை ஆசை என்று நான் கேட்கவில்லை. நானும் அதே லைனில், நாலு வீடு தள்ளிப் பிறந்தவன்தான். அவள் என் அத்தை மகள்.

நீலசந்திராவில் எங்கள் தெருவுக்கு அந்தக் கார் ஒரு வேடிக்கை. "பாதிக் கார்" என்று பெயர் வைத்தார்கள். மீதிப் பாதி எப்போது வரும் என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் விசாரிப்பார். எடை மிகக் குறைவு. ஒரு தடவை குப்பை லாரிக்கு வழி விடுவதற்காக, தெருவில் நின்ற நாலைந்து பேர் அதன் பின்பக்கத்தை அலாக்காகத் தூக்கி ஓரமாக நகர்த்திவிட்டார்கள். அவளுக்கு அதில் கோபமே இல்லை, பெருமைதான்.

மாதம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு தங்கவயலுக்குப் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவாள். சில சமயம் நானும் போவேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பார்த்து, மெதுவாக, அவன் வருகிறான், இவன் திரும்புகிறான் என்று சொல்லிக்கொண்டே வருவேன். அவள் சிரித்துக்கொண்டே ஓட்டுவாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மழை நாளில் நின்றுபோனது. ஹொஸ்கோட்டே தாண்டி, முன்னால் போன லாரி கொஞ்சம் ஒடித்தது. நான் "பிரேக்" என்று கத்தினேன். அவள் மிதித்தாள். ஈர ரோட்டில் கார் இரண்டு சுற்றுச் சுற்றி நடுத்தடுப்பில் போய் உட்கார்ந்தது. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு மூக்குக் கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், பொம்பளைக்கு எதற்கு இந்த மாதிரி வண்டி என்று ஆரம்பித்தார்கள். நான் மழை மேல் பழியைப் போட்டேன். நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எலும்பு சேர்ந்துவிட்டது. வண்டியையும் ரிப்பேர் செய்து கொண்டுவந்து நிறுத்திவிட்டோம். ஆனால் பதினான்கு மாதம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அத்தைதான் ரயிலேறி, கூட்டத்தில் நசுங்கி, மகளைப் பார்க்க வருவாள். பாதிக் கார் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக் கிடந்தது. அவள் அதன் பக்கம் திரும்பாமல் கேட்டைத் திறந்து ஆபீசுக்குப் போவாள்.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, வண்டியை நானே கழுவித் தயாராக வைப்பது என்று முடிவு செய்தேன். பளபளவென்று இருந்தால் அவளுக்கு ஆசை வரும் என்பது என் கணக்கு. என் அப்பா சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். ஆயுத பூஜை வந்தால் கடப்பாறை, ஸ்பானர், சைக்கிள், கதவுக் கீல், கத்தரிக்கோல் என்று எதையும் விடாமல் நல்லெண்ணெய் பூசித் துடைப்பார். எண்ணெய் வைக்காத ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் பாய் விரித்துப் படுத்து, கைக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் எண்ணெய் தடவினேன். பின்னால் சைலன்சரைத் தாங்கிக்கொண்டு வளையம் வளையமாகச் சில கறுப்பு ரப்பர்கள் தொங்கின. வெளுத்து, தூசி படிந்து, பார்க்கவே பாவமாக இருந்தன. அவற்றுக்குத் தாராளமாகவே போட்டேன். கறுகறுவென்று மின்னின. பூஜையன்று காலையில் இன்னொரு முறையும் போட்டேன்.

அன்று முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று கட்டி, மாலையும் மாவிலைத் தோரணமும் போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழத்தை நசுக்க மட்டும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். பழங்கள் நசுங்கின. தெரு முனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வரலாம் என்றாள், நானும் ஏறிக்கொண்டேன். முனையில் அவள் நிற்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஓசூர் ரோட்டுப் பக்கம் வந்துவிட்டோம். அடைத்த கடைகள், மாலை போட்ட ஆட்டோக்கள். ஜன்னல் காற்றில் அவள் முந்தானை பறந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய களையைப் பார்த்தேன்.

அடுகோடி நெருங்கும்போது ரோட்டில் யாரோ உடைத்த பூசணிக்காய், குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. அவள் அதை ஒதுக்கி வளைத்தாள். அடுத்தது ஒரு வேகத்தடை. வண்டி சற்றுக் கோணலாக ஏறி இறங்கியது. பின்னால் தகர டப்பாவைக் கட்டி இழுப்பது போலத் தடதடவென்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினோம். சைலன்சர் ஒரு பக்கம் கழன்று ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். மாவிலைத் தோரணத்தின் கயிற்றை அவிழ்த்து அதைத் தூக்கிக் கட்டினேன். சூட்டில் கயிறு கருகி அறுந்து, மாவிலை வாசனையோடு சைலன்சர் மறுபடி கீழே விழுந்தது. பிறகு வாழைக்கன்றைக் கட்டியிருந்த இரண்டு கம்பிகளில் ஒன்றைப் பிரித்து எப்படியோ தூக்கிக் கட்டினேன். ஒரு கன்று போய்விட்டதால், மீதி இருந்த ஒரு கன்றோடு அந்த வண்டி இன்னும் பாதியாகத் தெரிந்தது.

அவள் என் வேடிக்கைகள் எதையும் பார்க்கவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வித்துடலாம் மாமா. ஒரு ஹம்ப்பை ஒழுங்கா ஏத்தி எறக்கத் தெரியல எனக்கு. எல்லாரும் சொன்னது சரிதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவள் ரொம்ப நிதானமாக, முடிவாகச் சொன்னாள். இன்று இந்த வண்டி ஒழுங்காக வீடு திரும்பாவிட்டால், இதற்கு மேல் இவள் எந்த வண்டியிலும் டிரைவர் சீட்டில் உட்கார மாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கம்பி தாங்குமோ என்ற சந்தேகத்தில் எஞ்சினைக் கிளப்பாமல், அவளை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் இருந்து தள்ளினேன். சந்துக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. திறந்திருந்ததே தவிர வேலைக்கு அல்ல. சுவரோரம் பெஞ்சு போட்டு, அதன் மேல் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஜாக்கி எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்து, மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தார்கள். மெக்கானிக் என் வயதுக்காரர், வெள்ளை வேட்டியில் இருந்தார். எங்கள் கையில் பொரியும் கடலையும் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் சங்கடமாகச் சிரித்தார். பூஜையில் வைத்த சாமானை நாளைக்கு மறுபூஜை முடிகிற வரை தொட மாட்டாராம். ஊர் முழுக்க இதே கதைதான் என்பது அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். நானே அந்த வழக்கத்தில் வளர்ந்தவன். வற்புறுத்த வாய் வரவில்லை.

ஆனால் மனிதர் எங்களைத் துரத்தவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார், குனிந்து பார்த்தார். இதற்கு ஸ்பானரே தேவையில்லை, போல்ட் எதுவும் கழலவில்லை, ரப்பர்தான் நழுவியிருக்கிறது என்றார். புது ரப்பர் கடையில் ஆணியில் தொங்குகிறது. ரப்பர் மாட்டும் கம்பியைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, ரப்பரையும் சோப்பில் நனைத்துக் கையாலேயே ஏற்றிவிடலாம். ஜாக்கிக்குப் பதில் தரையில் குழி இருக்கிறது. குழிக்குப் பூஜை போட்டாயிற்றா என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, விளிம்பில்தான் கோலம் போட்டிருக்கிறோம், குழிக்குள் பொட்டு வைக்கவில்லை, அதனால் இறங்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். தான் கை வைக்க மாட்டேன், வாயால் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள் என்றார்.

பாதிக் காரைக் குழிக்கு மேல் தள்ளி நிறுத்த நானும் அவளும் போதுமாக இருந்தோம். குழாய் ஆறுவதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதன் பிறகு அவள் சோப்புத்தூள் வாங்க எதிர்க் கடைக்குப் போனாள். அந்த நேரத்தில்தான் மெக்கானிக் என்னைக் குழிக்குள் கூப்பிட்டார். கழன்ற ரப்பரை நான் எடுத்து நீட்டினேன். அது உப்பி, கொழகொழவென்று இருந்தது. அவர் அதைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார்.

"சார், இது கிரீஸ் இல்ல, நல்லெண்ணெ. ரப்பருக்கு யாரனா எண்ணெ போடுவாங்களா? ஊறிப்போய் வழுக்கிக்கினு வந்துடுச்சி. எந்த மெக்கானிக் பண்ண வேலை?"

எனக்குக் காது மடல் சுட்டது. தெரியலையே என்றேன். பொய் எவ்வளவு லாவகமாக வந்தது என்பது இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. மற்ற இரண்டு ரப்பர்களும் தொட்டதும் கையோடு வந்தன. வாசலில் யாரோ பூஜைக்கு வந்ததால் அவர் மேலே போய்விட்டார். நான் மூன்று ரப்பரையும் என் புதுச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே ஒரு குப்பைத் தொட்டி இருந்தது, போகும்போது போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மழையின் மேல் போட்டது போல இதையும் வேகத்தடையின் மேல் போட்டுவிட்டால் முடிந்தது.

அவள் வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். அவள் கை சிறியது, இடுக்கில் நுழையும். நான் சைலன்சரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அவள் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மெக்கானிக் மேலிருந்து குனிந்து, முதலில் வண்டி உடம்போடு இருக்கிற கம்பியில் மாட்டுங்க மேடம், அப்புறம் சைலன்சர் கம்பியில் திருகித் தள்ளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் ரப்பர் அடம் பிடித்தது. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பொளக்கென்று ஏறி உட்கார்ந்தது.

அவள் முகத்தில் வெற்றியின் சாயலே இல்லை. இரண்டாவது ரப்பரை எடுத்தபடி, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். ரிப்பேர் ஆன வண்டியைக் கொடுத்தால் நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம், ஓட்டத் தெரிந்தவர்களாக.

என் சட்டைப் பையில் ஈரம் பரவுவது தோலில் தெரிந்தது. கை இரண்டும் மேலே இருந்தன. எங்கேயும் போக முடியாது. இவ்வளவு நாள் மழையும் லாரியும் சொந்தக்காரர்களும் எனக்காகச் சுமந்ததை நான் ஒரு முறையாவது சுமக்க வேண்டும் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. சொல்லிவிட்டேன்.

ஹம்ப் இல்லை, நீயும் இல்லை, நான்தான் ரப்பருக்கு எண்ணெய் போட்டேன், ஒரு வாரமாக ஊறியிருக்கிறது, வேண்டுமானால் என் பையைப் பார் என்றேன்.

அவள் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பையில் கை விட்டு ஒரு ரப்பரை எடுத்து முகர்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

கோபம் என்று நினைத்தேன். ஒழுங்காக, ஒரு வார்த்தை விடாமல் மறுபடியும் சொன்னேன்.

"இல்ல, பதினேழு வருஷத்துல மொத தடவ. காதுல சரியாத்தான் விழுந்துச்சானு பார்த்தேன்."

மேலே மெக்கானிக் இருமுவது போலச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அன்று எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு முறை திறந்த வாய் மூடவில்லை. அன்றைக்கு மழையில் பிரேக் என்று கத்தியதும் என் தப்புதான், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

அவள் கை நின்றது. நான் கத்தியது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவள் காதுக்குப் பக்கத்தில்தானே கத்தினேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது.

"அன்னிக்கு இன்னா பார்த்துட்டு கத்தினீங்க?"

"ஒண்ணும் பார்க்கல. பயந்து கத்தினேன்."

அவள் சோப்புக் கையைச் சேலையில் துடைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு எடது பக்கம் வழி தெரிஞ்சிச்சி மாமா. ஒதுங்கிப் போயிருப்பேன். நீங்க கத்தினதும், என் கண்ணுல படாத எதையோ நீங்க பார்த்துட்டீங்கனு நெனச்சேன். பதினாலு மாசமா அது இன்னானுதான் யோசிச்சிக்கினு கீறேன். பார்த்த கண்ணே சரியில்லாம போச்சோனு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. இவள் ரோட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் கண்ணையே நம்பாமல் இருந்திருக்கிறாள். அதற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்காமல் கத்திய, தரம் பார்க்கும் இந்த அதிகாரி. மன்னித்துவிடு என்றேன். அவள் இரண்டாவது ரப்பரை மாட்டினாள். மூன்றாவதை என்னிடம் கொடுத்துவிட்டு சைலன்சரைத் தான் தாங்கிக்கொண்டாள். அவள் பல்லைக் கடித்துப் பிடித்திருக்க, நான் பத்து நிமிஷம் வியர்த்து விறுவிறுத்து ஏற்றினேன். அவள் ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை. நானாக இருந்தால் பத்து முறை சொல்லியிருப்பேன்.

மெக்கானிக் சைலன்சரைக் கையால் லேசாக ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடியது. ஆடத்தான் வேண்டும், ஆடாமல் இறுக்கிக் கட்டினால் குழாய் விரிசல் விடும் என்றார். ரப்பருக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார். வேலைக்குக் காசு வேண்டாம், வேலை செய்தது நீங்கள்தானே என்றார். பொரி கடலையை ஒரு பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள். சாவி என் பேன்ட் பையில் இருப்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்தேன். வண்டியைக் கிளப்பினாள். சைலன்சர் அடக்கமாக உறுமியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரியா?"

தலையை ஆட்டினேன். அதே வேகத்தடை வந்தது. முதல் கியருக்கு வந்து, நேராக ஏறி, நேராக இறங்கினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே புகுந்தது. எனக்கு வாய் திறந்துவிட்டது. திறந்த வாயில் அவசரமாக ஒரு கைப்பிடி பொரியை அடைத்தேன். அவள் இடது பக்கம் ஒதுங்கி, ஸ்கூட்டருக்கு வழி விட்டு, மறுபடி தன் வரிசைக்கு வந்தாள். அவ்வளவு சுலபமாக. ஹொஸ்கோட்டேயிலும் இப்படித்தான் வந்திருப்பாள்.

நீலசந்திராவுக்குத் திரும்பும் இடம் வந்தது. அவள் திரும்பவில்லை. தவறவிட்டுவிட்டாள், சொல்லலாமா என்று பார்த்தேன். பொட்டலத்தில் இன்னும் பொரி இருந்தது. சாப்பிட்டேன். அல்சூர் வந்தது, அதையும் தாண்டினோம். பழைய மதராஸ் ரோட்டில் ஏறியதும் அவள் கூரையை மடித்துப் போட ஒரு நிமிஷம் நிறுத்தினாள். மிச்சம் இருந்த ஒற்றை வாழைக்கன்று காற்றில் கிழிந்து தொங்கியது. தங்கவயல் போகும் ரோடு அது.

"இப்ப பேசலாம்" என்றாள். "அம்மாவுக்கு போன் போட்டு, ரெண்டு பேருக்கு சோறு சேர்த்து வைக்கச் சொல்லுங்க. ரயில்லயானு கேட்டா, இல்ல, நான்தான் ஓட்டிக்கினு வரேன்னு சொல்லுங்க."